அத்தானின் மோட்டார் சைக்கிளும் நான் கீறிய படமும்

அத்தான் மேட்டின் உச்சியில் நின்றார். நான் கீழே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஈரக் களிமண்ணும், பானை அளவு கற்களும் கிடந்தன.

அவர் வண்டியின் இருக்கையில் இருக்கவில்லை. அந்த வண்டியை யாரும் இருந்துகொண்டு ஓட்டுவதில்லை. கால் வைக்கும் கம்பிகளில் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்று மடித்து, எந்தக் கல்லுக்குப் பக்கத்தால் முன்சில்லை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் மெதுவாக, ஒவ்வொரு அடியையும் எண்ணக்கூடிய மாதிரி, அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் கலந்த நீலப் புகை மேட்டால் இறங்கி என் மூக்கில் ஏறியது.

நான் கற்களைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் அவர் என்னைக் கடந்து மேலே போனபோது, முன்சில்லின் இடது பக்கத்தில், ஒரு சின்னத் தகர மூடியின் ஓரத்தில், கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நகத்தின் தடிப்புத்தான் இருக்கும். காலையில் அது இல்லை.

அது என்ன என்று, சரளைக்கல் தோண்டிய அந்தக் கிரவல் குழியில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து தெரியும்.

பெட்டிகளில் வந்த வண்டி

அப்போது நாங்கள் கனடாவில் பார்க்டேலை விட்டு மல்வேர்னுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அக்கா, அத்தான் றெஜி, அவர்களின் மூன்று வயது மகள் டிலானி, நான். அத்தானுக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவருடைய சுப்பவைசர் ஓர் ஆங்கிலேயர். அவர் வீட்டை விற்று நாட்டின் மேற்குக் கரைக்குப் போனபோது, கராஜுக்குள் இருந்த நான்கு பெட்டிகளையும் ஒரு சட்டத்தையும் காட்டி, "எடுக்கிறாயா, குப்பைக்குப் போடவா?" என்று கேட்டாராம்.

அத்தான் அதைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது அக்கா வாசலில் நின்று பார்த்தா.

"உதென்ன, மாட்டின்ர எலும்புக்கூடோ?"

"மோட்டச்சைக்கிள்."

"எங்க மிச்சம்?"

"உதுதான் எல்லாம். பொருத்திப் பூட்ட வேணும்."

"உங்களுக்கு வேலை காணாது போல. இருங்கோ, உடுப்புத் தோய்க்கக் கிடக்கு, தாறன்."

அத்தான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மன்னாரில் ஒரு திருத்தும் கடையில் வளர்ந்தவர் என்றே சொல்லலாம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே நோய் என்று சொல்வார். எழுத்தென்றால் மட்டும் தாளை என் பக்கம் தள்ளிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். இதை இந்தத் தொடரில் நான் முன்பும் சொல்லியிருக்கிறேன். சொல்ல எனக்குப் பிடிக்கும். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கைநாட்டு. அக்கா இரண்டாம் வகுப்பில் நின்று என்னைத் தூக்கி வளர்த்தவ. வங்கிக் கடிதம், குடிவரவுக் கடிதம், டொக்டரின் கடிதம் எல்லாம் சாப்பாட்டு மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில்தான் வந்து கிடக்கும்.

காலை ஊன்றக்கூடாது

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் செய்தது இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னத் தொழிற்சாலை. பெற்றோல் ராங்கில் இருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. அத்தான் விசாரித்த கடைகளில் ஒருவருக்கும் அதைத் தெரியவில்லை. ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒன்றைக் கனடாவில் கண்டதில்லை" என்றாராம்.

வழமையான வண்டிகளில் முன்பக்கச் சட்டம் இரும்புக் குழாயாக இருக்கும். இதில் அந்த இடத்தில், வார்த்தெடுத்த தடித்த அலுமினியத் தூண் ஒன்று. முன்சில்லைத் தாங்குவதற்கு நீளமான சுருள்வில்லுகள் இல்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்தில் இரண்டு இரும்புக் கைகள். ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு துளை, துளைக்குள் புஸ் எனப்படும் தடித்த இறப்பர் வளையம். சில்லு கல்லில் ஏறும்போது கை மேலே திரும்பும், இறப்பர் முறுகும். கல்லைத் தாண்டியதும் இறப்பர் தன்னைத்தானே பிரித்துக்கொண்டு கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

வில்லுக்குப் பதிலாக முறுகும் இறப்பர். முதலில் விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு எளிது.

எஞ்சின் சின்னது, பெற்றோலுக்குள் எண்ணெய் கலந்து ஊற்றும் வகை. முதலாம் கியர் மிக மெதுவானது. பக்கத்தில் நடந்து போகிறவர் வண்டியை முந்திவிடலாம். அதுதான் அந்த வண்டியின் தொழில். ட்ரயல்ஸ் என்பது வேகப் போட்டி இல்லை. கல்லிலும் சேற்றிலும் கயிறு கட்டித் தடம் போட்டிருப்பார்கள். அதற்குள்ளால் காலை நிலத்தில் ஊன்றாமல் வெளியே வர வேண்டும். ஊன்றினால் ஒவ்வொரு தடவைக்கும் புள்ளி போகும். நின்றுபோனால் ஐந்து புள்ளி.

"உதுக்கு ஏன் மோட்டச்சைக்கிள்?" என்று அக்கா கேட்டா. "நடந்து போகலாமே."

"நடந்தா கால் நிலத்தில படுமெல்லே" என்றார் அத்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் நிலவறையில் வண்டியைப் பாகம் பாகமாகப் பூட்டினார். பனி உருகியதும் நகரத்துக்கு வடக்கே, ட்ரயல்ஸ் நடக்கும் கிரவல் குழிக்குப் போகத் தொடங்கினார். முதல் நாளே கடைசியாக வந்தார். வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. அக்கா அவரைப் பின்வாசலில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயால் கழுவித்தான் உள்ளே விட்டா.

மூன்றாம் முறை போனபோது முன்சில்லின் இடது இரும்புக் கை வெடித்தது.

நான் கீறிய படம்

புதுக் கை எங்கும் கிடைக்காது. செய்துதான் எடுக்க வேண்டும். பாலா அண்ணை என்று அத்தானின் நண்பர் ஒருவர் பிறம்ரனில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்தார். இரும்பில் எதையும் வெட்டித் தருவார்; படம் வேண்டும் என்றார்.

படம் என்றால் நான். மன்னாரிலேயே பொறிமுறை வரைதல் படித்தவள், அந்த வகுப்பில் ஒரே பெண்பிள்ளை. இங்கே ஒரு கல்லூரியில் அதே துறையில் முதலாம் ஆண்டு. உடைந்த கையை மேசையில் வைத்து இரண்டு பின்னேரம் அளந்தேன். பென்சிலைச் சீவிச் சீவிக் கீறினேன். துளையின் வெளிவாயில் உள்நோக்கி ஒரு சின்ன விளிம்பு இருந்தது. சில்லு தள்ளும்போது இறப்பர் வெளியே நழுவாமல் பிடிப்பது அந்த விளிம்புதான். அதையும் விடாமல் அளந்தேன்.

தாள் துப்புரவாக இருக்க வேண்டும் என்று, மறைந்த பாகங்களைக் காட்டும் புள்ளிக்கோடுகளை மட்டும் விட்டுவிட்டேன். அவை படத்தின் அழகைக் கெடுப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

பாலா அண்ணை படத்தை வாங்க வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, பழைய துண்டையும் தாவன். பாத்துப் பாத்துச் செய்வன்."

"படம் இருக்கேக்க துண்டு என்னத்துக்கு அண்ணை? எல்லா அளவும் அதில இருக்கு."

"ஓ, இஞ்சினியர் அம்மா சொன்னாச் சரிதான்." தாளை உயர்த்திப் பார்த்தார். "றெஜி, உன்ர மச்சாள் கீறினதைச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவலாம் போல கிடக்கு."

அக்கா தேத்தண்ணியோடு வந்து, எனக்குப் பின்னால் நின்று சிரித்தா. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

பத்து நாளில் புதுக் கை வந்தது. அத்தான் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். துளைக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"றீற்றா, உந்த விளிம்பு மற்றப் பக்கமாக் கிடக்கிற மாதிரி இல்லையோ?"

"படத்தில உள்ளபடிதான் செய்திருப்பினம் அத்தான்."

"வலக்கைப் பக்கத்தைக் கழட்டி ஒருக்கா ஒத்துப் பாப்பமோ?"

"இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. பாத்தால் இன்னும் குழம்பிப் போவியள்."

அவர் தலையாட்டினார். இறப்பரை அடித்து இறக்கி, தகர மூடியைப் போட்டு மூடினார். அவருடைய விரல் சொன்னதை என் வாய் வென்றது.

வெள்ளிக்கிழமை

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை வகுப்பில் எங்கள் பயிற்சித் தாள்களைத் திருப்பித் தந்தார்கள். என் தாளில் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம். ஆசிரியர் கோபிக்கவில்லை. "நீ எங்கே படித்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுதானே, இது ஆங்கிலேயர் முறை. இங்கே படங்களை மறுபக்கமாக வைப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாசகர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். ஒரு பொருளை முன்னால் நின்று பார்த்துக் கீறுகிறோம். பிறகு மேலே இருந்து பார்த்துக் கீறுகிறோம். இந்த இரண்டாவது படத்தைத் தாளில் எங்கே வைப்பது? நான் படித்த இடத்தில் முதற் படத்துக்குக் கீழே வைப்போம். கனடாவில் மேலே வைப்பார்கள். ஆகவே கீழே ஒரு படத்தைக் கண்டால் இங்குள்ளவர், அது கீழே இருந்து பார்த்தது என்றே எடுத்துக்கொள்வார். அப்போது பொருளின் வெளிப்பக்கம் உட்பக்கமாகிவிடும்.

பேருந்தில் ஏறி யன்னல் ஓரம் இருந்தேன். இரண்டு தரிப்பிடம் வரைக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரிப்பிடத்தில் வண்டியின் கை நினைவுக்கு வந்தது.

பாலா அண்ணை தொழில் பழகியது இங்கே. என் தாளை அவர் இந்த நாட்டுக் கண்ணால்தான் பார்த்திருப்பார். புள்ளிக்கோடுகள் இருந்திருந்தால் ஒருவேளை அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். விளிம்பு உள்பக்கம் போய்விட்டது. வெளியே இறப்பரைப் பிடிக்க, பிஸ்கற் ரின் மாதிரி மெல்லிய ஒரு தகரம் மட்டுமே.

அந்த வண்டியைச் செய்த இங்கிலாந்துத் தொழிற்சாலையில் என் படத்தைக் கொடுத்திருந்தால் சரியாகவே செய்திருப்பார்கள்.

சில்லு ஒவ்வொரு கல்லில் மோதும்போதும் இறப்பர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊரும். முற்றாக வந்துவிட்டால் கை ஆடும், சில்லு சரிந்து இறுகும். மேட்டால் இறங்கும்போது அது நடந்தால் ஓட்டுபவர் கைபிடிக்கு மேலால் போய்க் கற்களில் தலைகீழாக விழுவார். இவ்வளவையும் எனக்குக் கணக்காகச் சொல்லத் தெரியும். படித்தவள்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் படி ஏறினேன். அடுத்த வீட்டு அன்ரி வந்திருந்தா. அக்கா அவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா: "என்ர தங்கச்சி கீறினதைப் பாத்துப் பட்டறையில அப்பிடியே வெட்டிக் குடுத்தவை. ஒரு மயிரிழை பிசகேல்லை."

மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில், அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடும் விண்ணப்பம் நான் நிரப்பியபடி கிடந்தது. இந்தப் படம் பிழை என்றால் அந்தத் தாள்களும் பிழையாக இருக்கலாம். இதுவரை நான் வாசித்துச் சொன்ன கடிதங்களெல்லாம்? அக்கா அப்படி நினைப்பாவோ? நான் அப்படி நினைத்துவிட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்ன, காய்ச்சலோ?" என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. இல்லை என்றேன்.

சனிக்கிழமை

சனி காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் எனக்குக் கோப்பிக்கடையில் வேலை. கோப்பி ஊற்றினேன், மூடி போட்டேன். ஒவ்வொரு மூடியையும் இறுக்கி அழுத்தும்போது அந்தத் தகர மூடி கண்ணுக்குள் வந்தது. கப் ஒன்றின் மூடி கழன்று, கோப்பி என் கையில் கொட்டிச் சுட்டது.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் வானில் பெற்றோல் கலனை ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் அவரும் மட்டும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"அத்தான்..."

"நாளைக்கு நீயும் வா" என்றார் திரும்பாமலே. "நீ கீறினது ஓடுறதை நீ பாக்க வேண்டாமோ?"

"வாறன்" என்றேன்.

அந்த ஒரு சொல் வந்த வழியால் மற்றது வரவில்லை. காலையில் சொல்லலாம். போகும் வழியில் சொல்லலாம். ஒருவேளை பாலா அண்ணை சரியாகவே செய்திருக்கலாம், அத்தானின் விரல்தான் பிழையோ என்னவோ. இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

கயிற்றுக்கு உள்ளே

ஞாயிறு காலை வானிலும் சொல்லவில்லை. முதலாம் தடம் தட்டை. அவர் காலை ஊன்றாமல் வெளியே வந்தார். இரண்டாம் தடத்தில் மரவேர்கள்; ஒரு தரம் மட்டும் ஊன்றினார். முகத்தில் சந்தோசம். "கை இறுக்கமா நிக்குது!" என்று எனக்குக் கத்திச் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினார். அப்போதுதான் நான் அந்தக் கறுப்புக் கோட்டைக் கண்டேன்.

பயத்தில் உடம்பு ஓடும் என்று சொல்வார்கள். என்னுடையது ஓடவில்லை. அத்தான் கிளச்சை விட்டார். வண்டியின் மூக்கு கீழே சரிந்தது. முதற் கல். கோடு தடித்தது, அல்லது எனக்குத் தடித்ததாகத் தெரிந்தது.

"அத்தான்!"

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது கல்.

கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனேன். புள்ளி போடுகிற கிழவர் ஆங்கிலத்தில் கத்தினார். சப்பாத்து சேற்றில் புதைந்து கழன்றது, ஒற்றைக் காலில் வெறும் சொக்ஸோடு ஏறினேன். அவருக்கு நேரே நின்று இரண்டு கைகளையும் விரித்தேன்.

அவர் என்னைக் கண்டார். பிரேக்கைப் பிடித்தார். பின்சில்லு வழுக்கிப் பக்கவாட்டில் வந்தது. காலை ஊன்றினார், அந்தக் காலும் வழுக்கியது. வண்டியும் அவரும் மெதுவாக, மிக மெதுவாக, களிமண்ணில் சாய்ந்தார்கள்.

"உனக்கென்ன விசரோ? இடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும்?"

"விளிம்பு மற்றப் பக்கம் அத்தான். நீங்கள் சொன்னது சரி. நான் கீறினது பிழை."

அவர் எழும்பவில்லை. படுத்தபடியே கையை நீட்டித் தகர மூடியைப் பெருவிரலால் நெம்பினார். அது தானாகவே கழன்று விழுந்தது. இறப்பர் அரை விரல் வெளியே வந்திருந்தது. அதைத் தள்ளினார், உள்ளே போனது. விட்டார், திரும்ப வந்தது. இன்னும் ஏழெட்டுக் கற்கள் கீழே இருந்தன.

கிழவர் வந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், இறப்பரைக் கண்டதும் மூடிக்கொண்டார். என் சப்பாத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கித் தந்தார்.

திரும்பும் வழியில்

வண்டியை வானில் ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். தூறத் தொடங்கியிருந்தது. நெடுஞ்சாலைக்கு ஏறினோம்.

"பிழை ஆருக்கும் வரும்" என்றார் அத்தான். "எனக்கும் விரலில தெரிஞ்சது. படிச்ச பிள்ளை சொல்லுது எண்டு விட்டன். அது என்ர பிழை."

நான் அழத் தொடங்கியிருந்தேன். ஆறுதலாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"எப்ப கண்டுபிடிச்சனி?"

'இப்பதான்' என்றால் போதும். அவர் நம்புவார். கோட்டைக் கண்டேன், ஓடி வந்தேன் என்றால் நான் அவர் உயிரைக் காப்பாற்றியவள்.

"வெள்ளிக்கிழமை" என்றேன். "பின்னேரம். பஸ்ஸில வரேக்க."

கண்ணாடியைத் துடைக்கும் தண்டு போய்ப் போய் வந்தது. அவர் வேகத்தைக் குறைத்து ஓரத் தடத்துக்கு மாறினார்.

"நேற்று நீ வேலைக்குப் போனாப் பிறகு," என்றார், "டிலானியை முன்னுக்கு ராங்கில இருத்தி, வீட்டுக்குப் பின்னால பார்க்கில ஓடினனான். அந்தச் சரிவால இறங்கினனான். அவள் இன்னொருக்கா, இன்னொருக்கா எண்டவள். மூண்டு தரம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அக்கா கேட்டா, "என்ன, இவ்வளவு வேளைக்கே வந்திட்டியள்?" என்று. "மழை" என்றார் அத்தான். டிலானி அவர் காலைக் கட்டிப் பிடித்தாள். அவர் அவளைத் தூக்கவில்லை, கை சேறு என்றார். கை கழுவிய பிறகும் நெடுநேரம் தூக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் அக்காவுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சில வருடங்கள் போய்விட்டன. பாலா அண்ணை, இந்த முறை பழைய துண்டையும் பக்கத்தில் வைத்து, வேறு கை செய்து தந்தார். வண்டி இப்போதும் ஓடுகிறது.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். அதனால் இந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அனுப்புமுன் நான் அவவுக்கு வாசித்துக் காட்டுவேன். சிரிப்பா, சில இடங்களில் "பொய் சொல்லாதை" என்பா. இதையும் இன்றைக்கு வாசிக்க வேண்டும். காலையிலிருந்து தாள்களை மடிப்பதும் விரிப்பதுமாக இருக்கிறேன். ராங்கில் டிலானி இருந்த இடம் வரும்போது அக்காவின் முகம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியை வெட்டிவிடலாமா என்று அத்தானுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

அவருக்குப் பின்னால் களஞ்சியத்தில் ஏதோ பாரம் தூக்கும் சத்தம் கேட்டது.

"வெட்டாதை" என்றார். "நான் வேளைக்கு வாறன். நாங்கள் ரெண்டு பேரும் அக்காவோட இருந்து வாசிப்பம். டிலானி பள்ளிக்கூடத்தால வர முன்னம் முடிச்சிட வேணும்."